காய்ச்சலுக்குச் சிவப்பு, பேதிக்குக் கறுப்பு

முனியனைக் கொன்றது காய்ச்சலா, கங்காணியின் காலா?

அவன் இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வி அவனோடு நின்றிருந்தால் நான் எழுத வந்திருக்க மாட்டேன். அவன் வயிற்றில் இருந்த அதே வீக்கம் என் மகள் வயிற்றிலும் இருந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது. காய்ச்சல்கட்டி உள்ள குழந்தையை வைத்துக்கொண்டு தவிக்கும் தாய்மாருக்காக இதை எழுதுகிறேன். நான் செய்த தவறுகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் கணவர் ஈப்போவுக்குத் தெற்கே, சுண்ணாம்பு மலைகளைத் தாண்டி உள்ள ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர் (காயத்துக்குக் கட்டுப் போட்டு, மருந்து கலந்து கொடுப்பவர்). டாக்டர் புதன்கிழமை மட்டும் ஈப்போவிலிருந்து வருவார். மற்ற நாளெல்லாம் ஆஸ்பத்திரி என் கணவர் பொறுப்பு. எங்கள் வீடு ஆஸ்பத்திரியை ஒட்டியே இருக்கிறது. வாசலுக்கு எதிரே பெரட்டுக் களம் (விடியற்காலையில் தொழிலாளர் பேர் வாசிக்கும் திடல்).

என் மகள் ராஜத்துக்கு மூன்று வயது நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் பிற்பகல் வாசலில் உட்கார்ந்து ரப்பர் கொட்டையைச் சிமெண்டில் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கத் தேய்க்க அது சுடும். சுட்டதும் ஓடிவந்து என் முழங்கையில் வைத்துவிட்டுச் சிரிப்பாள். அன்றும் வைத்தாள். ஆனால் சிரிக்கவில்லை. "அம்மா, குளிருது" என்றாள். நல்ல வெயிலில் நின்றுகொண்டு சொன்னாள்.

பிறகு நடுக்கம் வந்தது. குளிர்க்காய்ச்சல் நடுக்கத்தைப் பார்க்காதவர்களுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. யாரோ ஒருவர் குழந்தையின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்குவது போல இருக்கும். பல் பல்லோடு மோதும். நான் அவளை மார்போடு அணைத்தேன். என் உடம்பும் சேர்ந்து ஆடியது. நாங்கள் படுத்திருந்த கட்டிலின் கால் தரையில் தடதடத்தது. ஒரு மணி நேரம் கழித்து அவள் உடம்பு கொதித்தது. அதற்கப்புறம் வேர்த்துக் கொட்டி, துணி பிழிந்தது போல் கிடந்தாள். மறுநாள் நன்றாக விளையாடினாள். அதற்கு மறுநாள், அதே நேரத்துக்கு, அது திரும்பி வந்தது.

புதன்கிழமை டாக்டர் அவளைப் படுக்கவைத்து, இடப்பக்க விலாவுக்குக் கீழே விரல்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்தார்.

"நாலு விரல்" என்றார். "மண்ணீரல் வீங்கியிருக்கிறது." (மண்ணீரல் என்பது இடது விலாவுக்குள் ஒளிந்திருக்கும் உறுப்பு. சாதாரணமாகக் கைக்குத் தட்டுப்படாது. மலேரியாவில் அது வீங்கி வெளியே வரும். அதைத்தான் காய்ச்சல்கட்டி என்கிறோம்.) "காய்ச்சலுக்குக் கொய்னா மருந்து தவறாமல் கொடுங்கள். இன்னொன்று. குழந்தை கீழே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே அது கனிந்த பப்பாளி மாதிரி இருக்கிறது. ஒரு அடி பட்டால் போதும்."

அந்தக் கடைசி வார்த்தையைத் தவிர மற்றதெல்லாம் எனக்கு மறந்துபோனது. அன்றிலிருந்து ராஜத்தின் வயிற்றில் பழைய புடவைத் துணியைச் சுற்றிக் கட்டினேன். படியில் இறங்க விடவில்லை. அவள் தூங்கும்போது என் கையை விலாவுக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். நான் தைப்பிங்கில் பெண்கள் பள்ளியில் ஏழாவது வரை படித்தவள். மருந்துப் புட்டிகளில் சீட்டு எழுதி ஒட்டுவது நான்தான். எழுத்து சுத்தமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, ஒரு பெரிய கட்டம் போட்ட தாளைக் கொண்டுவந்தார்.

வேலை இதுதான்: போன ஒரு வருஷத்துச் சாவு ரெஜிஸ்டரைப் பார்த்து இந்தத் தாளில் ஏற்றி, இனிமேல் வருவதையும் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். டாக்டர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை தோட்டத்தில் எல்லார் வயிற்றையும் தொட்டுப் பார்ப்பார். அப்படித் தொட்ட நாளிலிருந்து ஆளுக்கு ஒரு கோடு. ஒரு வாரத்துக்கு ஒரு கட்டம். கட்டி உள்ளவர்களுக்குக் கோட்டின் தொடக்கத்தில் ஒரு புள்ளி. ஆள் இறந்தால் அந்த வாரத்தில் கோட்டை நிறுத்தி, முனையில் நிறம் போட வேண்டும். காய்ச்சலுக்குச் சிவப்பு, பேதிக்குக் கறுப்பு, மற்றதற்கெல்லாம் நீலம். ஊருக்குக் கப்பலேறிப் போனவர்களுக்கும் வேறு தோட்டத்துக்கு ஓடிப்போனவர்களுக்கும் சின்ன வட்டம். உயிரோடு இருப்பவர்களின் கோடு தாளின் ஓரம் வரை போய்த் திறந்தே நிற்கும்.

"கொசு ஒழியச் சாக்கடைக்கு எண்ணெய் ஊற்றி ஒரு வருஷம் ஆச்சு. சாவு அவ்வளவாகக் குறையவில்லை, எண்ணெய் வீண் என்கிறார் தோட்டத்துத் துரை" என்றார் டாக்டர். "எத்தனை பேர் செத்தார்கள் என்று எண்ணினால் போதாது. ஒவ்வொருவரும் எவ்வளவு நாள் தாக்குப்பிடித்தார்கள், எது முந்திக்கொண்டது என்று பார்க்கணும்."

எது முந்திக்கொண்டது. அந்த வார்த்தை அப்போது எனக்கு ஓட்டப்பந்தயம் போலத்தான் கேட்டது.

முனியன் செத்த காலை நான் ராஜத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தேன்.

பெரட்டில் பேர் வாசித்ததும் ஒவ்வொருவராக என் கணவர் முன்னால் வந்து வாய் திறக்க வேண்டும். ஒரு சின்னக் குவளை கொய்னாத் தண்ணீர். பலர் அதைக் கன்னத்தில் ஒதுக்கிவைத்துக்கொண்டு மரத்தடியில் துப்பிவிடுவார்கள். ஆகவே எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். விழுங்கியதும் தன் பேரை உரக்கச் சொல்ல வேண்டும். வாயில் மருந்து இருந்தால் பேர் சரியாக வராது. பக்கத்தில் கங்காணி (தொழிலாளரை மேற்பார்க்கும் மேஸ்திரி) பூட்ஸ் போட்டுக்கொண்டு நிற்பார்.

முனியன் பால்மரம் வெட்டுகிறவன் (ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுப்பவன்). வேடிக்கைக்காரன். மருந்தை வாயில் வைத்துக்கொண்டே பேர் சொல்லப் பழகியிருந்தான்.

"பேரச் சொல்லுடா" என்றார் கங்காணி.

"ம்முனியன்."

"இன்னொருக்கா."

அவன் ஒரு பாதியை விழுங்கிவிட்டு என் கணவரைப் பார்த்தான். "டிரசரய்யா, எங்க மாமியா வெக்கிற பாவக்காக் கொழம்பே இதுக்குத் தேவல."

"கசக்குதோ? ஒனக்குன்னு கள்ளுக்கடையிலேருந்து ஊத்திட்டு வரட்டுமா?" என்றார் கங்காணி.

"வந்தா வேணாம்னு சொல்ல மாட்டேன் கங்காணி."

வரிசை முழுவதும் சிரித்தது. ராஜமும் என் இடுப்பில் சிரித்தாள். முனியனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாயில் மிச்சமிருந்த மருந்து கங்காணியின் சட்டையில் தெறித்தது. அவன் துப்பவில்லை. சிரித்தான். நான் பார்த்தேன்.

கங்காணி உதைத்தார். ஒரே உதை. இடது விலாவுக்குக் கீழே.

முனியன் விழுந்தான். எழுந்தான். மண்ணைத் தட்டிக்கொண்டு, "கங்காணி காலும் கசப்புதான்" என்றான். யாரும் சிரிக்கவில்லை. கத்தியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு நடந்தான். பத்து மரம் தாண்டவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

சாக்குத் தூளியில் தூக்கி வந்தார்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. முகம் சாம்பலாக இருந்தது. வயிறு உறுமி மேளத்தோல் போல விறைத்திருந்தது. தண்ணீர் தண்ணீர் என்று கத்தினான். கட்டிலின் சட்டத்தைப் பிடித்து முறுக்கினான். என் கணவரும் இரண்டு ஆட்களும் அவனை அழுத்திப் பிடித்தார்கள். வெயில் ஏறுவதற்குள் அவன் கை சட்டத்தை விட்டுவிட்டது.

டாக்டர் வந்து உடலை அறுத்துப் பார்த்தார். மண்ணீரல் இரண்டாகக் கிழிந்திருந்தது. வயிறெல்லாம் ரத்தம்.

துரை சொல்லியனுப்பினார் என்று கிராணி (தோட்டத்து எழுத்தர்) வந்து என் கணவரிடம் ஒரு கேள்வி கேட்டார். "காய்ச்சல்கட்டி இல்லாதவனை இதே உதை உதைத்தால் சாவானா?" என் கணவர் யோசித்துவிட்டு, மாட்டான் என்றார். அது உண்மை. கிராணி கேட்காத கேள்வி ஒன்று இருந்தது: உதை படாமல் இருந்திருந்தால் அன்று செத்திருப்பானா? அதே அளவு கட்டியோடு அன்று பெரட்டில் நின்ற மற்றவர்கள் எல்லோரும் சாயங்காலம் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) திரும்பினார்கள். அதுவும் உண்மை.

ரெஜிஸ்டரில் காரணம் எழுதும் இடம் குறுகலானது. என் கணவர் "மலேரியா, மண்ணீரல் வீக்கம்" என்று எழுதினார். நான் தாளில் முனியனின் கோட்டை நிறுத்தி, முனையில் சிவப்பு வைத்தேன். அவ்வளவுதான்.

நாலைந்து நாள் கழித்து முனியனின் மனைவி அஞ்சலை கொல்லைப்புறம் வந்தாள்.

"டிரசரம்மா, எம்புருசன் காய்ச்சல்ல செத்தான்னு பொஸ்தகத்துல இருக்காமே?"

நான் ராஜத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டேன்.

"காய்ச்சலுக்கு பூட்ஸ் காலு உண்டா?"

"டாக்டர் வயித்தை அறுத்துப் பாத்தாங்க அஞ்சலை. கட்டி இருந்திருக்கு."

"கட்டி எனக்குந்தான் இருக்கு. லயத்துல பாதிப் பேருக்கு இருக்கு. நாங்க செத்தா போயிட்டோம்?" என் இடுப்பில் இருந்த ராஜத்தை ஒரு பார்வை பார்த்தாள். "கங்காணி என்ன சொல்றான் தெரியுமா? காய்ச்சல்ல செத்தவனுக்கு எம்மேல என்ன கேசுங்கறான். ஒங்க ஊட்டு எழுத்துதான் அவனுக்கு சாட்சி."

"நான் வெறுமனே எடுத்து எழுதறவ."

"எடுத்து எழுதற கைக்குக் கண்ணில்லையா?"

அவள் போன பிறகு நான் அந்தத் தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முனியனுக்காக அல்ல. ராஜத்துக்காக. பதில் ஏதாவது அதில் இருக்கும் என்று நினைத்தேன். அவளுக்கும் ஒரு கோடு இருந்தது. தொடக்கத்தில் புள்ளி. முனை திறந்திருந்தது.

அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. புள்ளி வைத்த கோடுகளில் முடிந்துபோனவை அநேகமாகச் சிவப்பில் முடிந்திருந்தன. கறுப்பு மிக அரிது. புள்ளி இல்லாத கோடுகள்தான் கறுப்பில் முடிந்திருந்தன. மேலிருந்து கீழாகத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மாறவில்லை. தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: 'கட்டி உள்ளவர்களைப் பேதி தொடுவதில்லை.'

என் கணவரிடம் காட்டினேன். "அட, ஆமா! டாக்டர் கண்ணுலயே படலையே இது" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கில் முதலாவதாக வந்த நாளைப் போல இருந்தது.

அதன் பிறகு நான் செய்ததைச் சொல்கிறேன். அதுவரை ராஜத்துக்குக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்தான் கொடுத்தேன். ஈர ரப்பர் விறகில் காய்ச்சிய தண்ணீரில் புகை நாறும். அவளுக்குப் பிடிக்காது. கொய்னா குடித்ததும் கசப்புப் போக ஜில்லென்று தண்ணீர் கேட்டு அழுவாள். பேதிதான் இவளைத் தொடாதே என்று நினைத்து, கிணற்றுத் தண்ணீரில் சர்க்கரை கரைத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். அவள் சந்தோஷமாகக் குடித்தாள். பத்துப் பதினைந்து நாள் கொடுத்தேன்.

ஒரு காலை அவள் கொய்னாவுக்கு வாய் திறக்கவில்லை. பல்லை இறுக்கிக்கொண்டாள். நான் அவளைத் தரையில் கிடத்தி, இரண்டு தொடையாலும் அவள் கைகளை அழுத்திக்கொண்டு, மூக்கைப் பிடித்தேன். மூச்சுக்கு வாய் திறந்ததும் கரண்டியை உள்ளே தள்ளினேன். அவள் என் விரலைக் கடித்தாள். ரத்தம் வந்தது. மருந்து முழுவதும் என் மேல் துப்பினாள்.

நான் அறைந்தேன்.

கன்னத்தில்தான் அறைந்தேன். ஆனால் அவள் திமிறி எழுந்துகொண்டிருந்தாள். போய் பெஞ்சின் முனையில் மோதி விழுந்தாள். இடது பக்கம்.

உடனே எழுந்துவிட்டாள். அழுதுகொண்டே மூலையில் போய் உட்கார்ந்தாள். எனக்கு அவள் எழுந்ததுதான் பயமாக இருந்தது. முனியனும் எழுந்தான். நான் அடுப்பங்கரையில் நின்று பத்து மரத்தை மனசுக்குள் ஒவ்வொன்றாகக் கடந்தேன். பத்துக்கு அப்புறமும் அவள் உட்கார்ந்திருந்தாள். வெளியே யாரும் பார்க்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

மத்தியானம் வயிறு வலிக்கிறது என்றாள். மூன்று மணிக்கு நடுக்கம் வந்தது. அது வரவேண்டிய நாள்தான். நடுக்கத்துக்கு இடையிலேயே வெளிக்குப் போனாள். சளியும் ரத்தமும். கொஞ்ச நேரத்தில் மறுபடியும். ஒவ்வொரு தடவையும் குடலை யாரோ கையைவிட்டு இழுப்பது போல முறுக்கிக்கொண்டு அலறினாள். பொழுது சாய்வதற்குள் அலறவும் சத்து இல்லை. கண் குழி விழுந்தது. வயிற்றைத் தொட்டால் விறைத்திருந்தது.

என் கணவர் சைக்கிளில் ஆள் அனுப்பி டாக்டரை வரவழைத்தார். ஆஸ்பத்திரி விளக்கு வெளிச்சத்தில் டாக்டர் அவள் வயிற்றில் கை வைத்தார்.

"தண்ணீர் காய்ச்சித்தானே கொடுக்கிறீர்கள்?"

"கொஞ்ச நாளாக இல்லை" என்றேன். ஏன் என்று சொல்லவில்லை.

"கீழே விழுந்தாளா?"

"இல்லை" என்றேன்.

என் வாயிலிருந்து அது அவ்வளவு சுலபமாக வந்தது. என் கணவர் பக்கத்தில் நின்றிருந்தார். கட்டியிருந்த என் விரலைப் பார்த்தார்.

"அப்படியானால் இது வெறும் சீதபேதியும் காய்ச்சலும்தான். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம். என் வண்டியிலேயே போகலாம்" என்றார் டாக்டர். "துணியெல்லாம் எடுத்து வையுங்கள்."

துணி எடுக்க வராந்தாவுக்கு வந்தேன். அங்கே அஞ்சலை நின்றிருந்தாள். லயத்தில் செய்தி பரவியிருந்தது. அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"ஒங்க புள்ளைக்கு என்னான்னு எழுதுவாரு டிரசரய்யா?"

அந்த நேரத்தில் என் மனசில் தோன்றியதை எழுத வெட்கமாக இருக்கிறது. நான் என் பிள்ளையின் முகத்தை நினைக்கவில்லை. மூன்று பென்சிலை நினைத்தேன். காய்ச்சலில் போனால் சிவப்பு. பேதியில் போனால் கறுப்பு. அந்தப் பெஞ்சால் போனால் நீலம். நான் வாயைத் திறக்காவிட்டால் நீலம் வைக்க யாருக்கும் தெரியாது. கங்காணி நிற்கும் இடத்தில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன்.

உள்ளே ஓடினேன்.

"டாக்டர், விழுந்தாள். நான் அடித்தேன். காலையில். பெஞ்சில் மோதினாள். இந்தப் பக்கம்."

என் கணவர் சுவரில் சாய்ந்துகொண்டார். டாக்டர் என்னைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருந்தால்கூட நான் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் புறப்படக் கையில் எடுத்திருந்த மருந்துப் பையைக் கீழே போட்டார்.

"குண்டும் குழியுமான ரோட்டில் பத்து மைல் இந்த வயிற்றைக் குலுக்கிக்கொண்டு போகச் சொல்கிறீர்களா? உள்ளே கீறல் விழுந்திருந்தால் பாதி வழியில் செத்திருப்பாள்!" என்று கத்தினார். பிறகு குரலை அடக்கிக்கொண்டு, "இங்கேயே வைத்துப் பார்ப்போம். அசையக் கூடாது. ஒரு விரல்கூட அசையக் கூடாது" என்றார்.

ராஜத்தை மட்ட மல்லாக்காகக் கிடத்தி, இரண்டு பக்கமும் மணல் பைகளை வைத்தார்கள். தொடையில் எமிட்டின் ஊசி போட்டார் (சீதபேதிக் கிருமியைக் கொல்லும் மருந்து. இருதயத்தையும் தளர்த்தக்கூடியது என்பதால் நாடியைப் பார்த்துக்கொண்டே போட்டார்). இன்னொரு தொடையில் கொய்னா ஊசி. உடம்பில் நீர் வற்றியிருந்ததால் தோலுக்கடியில் உப்புத் தண்ணீர் ஏற்றினார். ஏற்றிய இடம் எலுமிச்சம்பழம் போல வீங்கியது. ஒவ்வொரு ஊசிக்கும் நான்தான் அவள் காலை அழுத்திப் பிடித்தேன். அவள் என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கேள்வி எதுவும் இல்லை. என்னிடமிருந்து இதைத்தான் எதிர்பார்த்தது போல இருந்தது.

மணிக்கொரு தடவை டாக்டர் அவள் வயிற்றை விரலால் தட்டிக் கேட்டார். உள்ளே ரத்தம் சேர்ந்தால் சத்தம் மந்தமாகும் என்றார். தட்டிவிட்டு அவர் தலையைத் தூக்கும் வரை நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

மறுநாள் காலை வராந்தாவில் துணி குவிந்துகிடந்தது. அஞ்சலை அவற்றை வாளியில் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள். நான் அழைக்கவில்லை. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"உள்ள சொன்னது கேட்டுச்சு" என்றாள். குச்சியால் துணியைக் கிண்டிக்கொண்டே, "நின்னுக்கிட்டே இருக்கீங்களே டிரசரம்மா. வெறகு தள்ளுங்க" என்றாள்.

மூன்றாம் நாள் ரத்தம் குறைந்தது. ஐந்தாம் நாள் கூவைக்கிழங்குக் கஞ்சி இரண்டு கரண்டி உள்ளே நின்றது. ஏழாம் நாள், மணல் பைகளுக்கு நடுவிலிருந்து, "அம்மா, ரப்பர் கொட்டை" என்றாள். நான் அதைத் தேய்க்காமல், குளிர்ச்சியாகவே அவள் உள்ளங்கையில் வைத்தேன். சுடலையே என்று கோபித்துக்கொண்டாள்.

கிணற்றுத் தண்ணீர் ஏன் கொடுத்தேன் என்பதை அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் சொன்னேன். தாளைக் கொண்டுபோய், ஓரத்தில் எழுதியிருந்ததைக் காட்டினேன். அதற்குள் எனக்கே தெரிந்துவிட்டிருந்தது. ராஜத்தின் கட்டிலோரம் உட்கார்ந்திருந்த நாட்களில் அந்தத் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் நிறத்தை மட்டும் பார்த்தேன். நீளத்தைப் பார்க்கவில்லை.

புள்ளி வைத்த சிவப்புக் கோடுகள் எல்லாம் குட்டையானவை. கறுப்பில் முடிந்தவை நீளமானவை. மழைக்காலத்தில் கிணறு கலங்கிப் பேதி வந்த வாரங்களில், புள்ளி வைத்தவர்களில் பலர் ஏற்கனவே இல்லை. பேதி அவர்களைத் தொடாமல் விடவில்லை. அது வருவதற்குள் காய்ச்சல் எடுத்துக்கொண்டு போயிருந்தது.

"அவர்களை நான் பேதியிலிருந்து தப்பியவர்கள் என்று எண்ணிவிட்டேன்" என்றேன்.

"துரையும் அதையேதான் தலைகீழாகச் செய்கிறார்" என்றார் டாக்டர். "எண்ணெய் ஊற்றிக் காய்ச்சலைக் குறைத்தோம். அதில் பிழைத்தவன் மழைக்காலம் வரை இருந்தான். பேதி பிடித்தது. மொத்தச் சாவைப் பார்த்துவிட்டு எண்ணெய் வீண் என்கிறார். எண்ணெய் தன் வேலையைச் செய்தது. கிணற்றுக்கு நாம் ஒன்றும் செய்யவில்லை."

"அப்படியானால் எப்படி எண்ணுவது?"

"வாரா வாரம் எண்ணுங்கள். அந்த வாரம் உயிரோடு நம் கண்முன் இருந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேரைப் பேதி எடுத்தது. அவ்வளவுதான். முன்னாலேயே போனவனைப் பிழைத்தவன் கணக்கிலும் சேர்க்காதீர்கள், பேதியில் போயிருப்பான் என்றும் சேர்க்காதீர்கள்."

"காய்ச்சல் எடுத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் அவர்களுக்கு என்ன ஆகியிருக்கும்?"

"அது இந்தத் தாளில் இல்லை அம்மா" என்றார். "எந்தத் தாளிலும் இருக்காது. ஒருவன் ஒரு தடவைதான் சாகிறான்."

அவர் சொன்னபடி வாரம் வாரமாக எண்ணினேன். பேதி வந்த வாரங்களில், கட்டியோடு மிச்சமிருந்த சிலரையும் அது விடவில்லை. மற்றவர்களைவிட அதிகமாகவே எடுத்திருந்தது. நான் எழுதிய வரி பொய் மட்டுமல்ல, நேர் எதிர். அழிக்காமல் அதன் மேல் ஒரு கோடு போட்டேன். அழித்தால் அடுத்தவர் அதையே மறுபடி எழுதுவார் என்று தோன்றியது.

பிறகு முனியனின் கோட்டுக்கு வந்தேன். சிவப்பு முனையைச் சுரண்டிவிட்டுப் பாதி சிவப்பும் பாதி நீலமுமாக வைத்தேன். என் கணவர் பார்த்துவிட்டு, "ரெஜிஸ்டர்ல ஒண்ணும் இதுல ஒண்ணும் இருந்தா என் வேலை போயிடும் மரகதம்" என்றார். அவர் சொன்னது சரிதான். கொஞ்ச நேரம் கழித்து, "நீ டாக்டர்கிட்ட சொல்லாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அன்று சாயங்காலம் ரெஜிஸ்டரை எடுத்து, குறுகலான அந்த இடத்தில், பொடி எழுத்தில், 'உதை பட்டபின்' என்று சேர்த்தார்.

டாக்டர் புதன்கிழமை தாளை எடுத்துப் பார்த்தார். "ஒரு கோட்டுக்கு ஒரு நிறம் என்றுதானே சொன்னேன்" என்றார். அவர் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். அது எங்கே போயிற்று, யார் பார்த்தார்கள் என்று தெரியாது. கங்காணி இன்னும் பெரட்டில் நிற்கிறார். கொஞ்சம் தள்ளி நிற்கிறார். கிணற்றுக்கு மூடி போட்டிருக்கிறார்கள். அஞ்சலைக்கு ரெஜிஸ்டரில் இருப்பதைப் படித்துக் காட்டினேன். "பொடி எழுத்தா இருந்தா என்ன, இருக்குல்ல" என்றாள்.

ராஜம் பிழைத்தது எதனால் என்று கேட்பவர்களுக்கும் என்னிடம் பதில் இல்லை. ஊசியால் இருக்கலாம். வண்டியில் ஏற்றாமல் விட்டதால் இருக்கலாம். அவள் மண்ணீரலில் கீறலே விழாமலும் இருந்திருக்கலாம். அப்படியானால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் இன்னும் சீக்கிரம் தேறியிருப்பாளோ என்றும் சில நாள் நினைத்துக்கொள்கிறேன். போகாத வழியில் என்ன இருந்தது என்று பார்க்க முடிவதில்லை.

முன்பெல்லாம் அவளுடைய வயதைப் பிறந்த நாளிலிருந்து எண்ணுவேன். இப்போது வாரத்தை எண்ணுகிறேன். ஞாயிற்றுக்கிழமை குளிப்பாட்டும்போது ஒரு கட்டம் நகர்ந்தது என்று தோன்றும். காய்ச்சல், பேதி, படிக்கட்டு, என் கை, எல்லாம் அவள் பின்னாலேயே நடந்து வருவது போல இருக்கும். எதுவும் இந்த வாரம் முந்தவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

என் உடம்பும் மாறிவிட்டது. வலது கை விரல்களுக்குத் தனியாக ஒரு புத்தி வந்திருக்கிறது. சோறு பிசையும்போதுகூட அந்த விலா எலும்பின் ஓரம் விரல் நுனியில் இருக்கிறது. நாலு விரல் இருந்த கட்டி மூன்றாகி, இப்போது ஒன்றரை விரல்தான். கொய்னாவுக்கு அவளாகவே வாய் திறக்கிறாள். விழுங்கிவிட்டு, பெரட்டில் பார்த்த வழக்கப்படி, தன் பேரை உரக்கச் சொல்கிறாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இப்போது அவள் ஓட வேண்டும் என்கிறாள். லயத்துப் பிள்ளைகள் வாசல் படியிலிருந்து குதிக்கிறார்கள். இவள் மேல்படியில் நின்று என்னைப் பார்க்கிறாள். டாக்டரைக் கேட்டால், "பார்த்துக்கொள்ளுங்கள்" என்கிறார். நான் கையை எடுத்தால் விழுவாளோ என்று பயம். எடுக்காவிட்டால், நான் தடுத்து நிற்கும் இந்த ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று வந்துகொண்டிருக்கிறதோ என்று அதைவிடப் பயம்.

இதைப் படிக்கும் தாய்மாரே, உங்கள் வீட்டிலும் இந்தக் கட்டி இருந்திருக்கும். எத்தனை விரலுக்கு இறங்கிய பிறகு குழந்தையை ஓட விட்டீர்கள்? முதல் தடவை அது படியிலிருந்து குதித்தபோது உங்கள் கையை எங்கே வைத்துக்கொண்டீர்கள்? உங்களுக்குத் தெரிந்ததை எனக்கு எழுதுங்கள். அவள் படியில்தான் நிற்கிறாள்.